மூன்று சிட்டிங் என்றார்கள், ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்

மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் கழித்து, 53 வயதில், எனக்குச் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரத் தொடங்கியது. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டேன். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை என்று வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. கணவரோடு சேரும்போது வலிக்கிறது என்பதையும், இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதையும் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூச்சத்திலேயே ஓராண்டு போய்விட்டது.

விளம்பரம் பார்த்து ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்குப் போனேன். யோனிக்குள் கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒரு மாத இடைவெளியில் மூன்று சிட்டிங், கசிவுக்கு ரேடியோ ஃப்ரீக்வென்சி (ரேடியோ அலையால் சூடேற்றும் சிகிச்சை) தனியாக என்று சொல்லி, லேசருக்கான முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவி இருபது நிமிடம் படுக்க வைத்தார்கள். எல்லோரும் கண்ணாடி அணிந்துகொள்ள, விரல் பருமனில் ஒரு குழாயை யோனிக்குள் செலுத்தி, சிறிது சிறிதாக வெளியே இழுத்தபடி சுற்றிலும் லேசரைப் பாய்ச்சினார்கள். பெரிய வலி இல்லை. வாசல் அருகே வந்தபோது மட்டும் மிளகாய் பட்டதுபோல் சுரீரென்றது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்ட எரிச்சல் எனக்கு மூன்று வாரம் நீடித்தது. கேட்டபோது, அடுத்த சிட்டிங்கில் சரியாகும் என்றார்கள்.

நான் அடுத்த சிட்டிங்குக்குப் போகாமல், வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் என்னை முழுவதும் பேசவிட்டார். பிறகு ஒரு சிறு மஞ்சள் தாளை யோனிச் சுவரில் ஒற்றி எடுத்து என்னிடம் காட்டினார். சில நொடிகளில் அது நீலம் கலந்த பச்சையாக மாறியது. "அமிலத்தன்மை போய்விட்டது அம்மா, இது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவால் வருவது" என்றார். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனிச் சுவர் மெலிகிறது, அங்கே அமிலம் உண்டாக்கும் லாக்டோபேசிலஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன, அதனால் சாதாரணமாக 4.5க்குள் இருக்கும் பி.எச். அளவு (இது ஏறினால் அமிலத்தன்மை குறைகிறது என்று பொருள்) ஏறிவிடுகிறது என்று அவர் விளக்கிய பிறகுதான், எனக்குக் கிருமி இல்லாமலே எரிந்தது ஏன் என்று புரிந்தது.

லேசரைப் பற்றி அவர் சொன்னதை நான் பிறகு படித்தும் உறுதி செய்துகொண்டேன். இத்தகைய கருவிகள் மாதவிடாய் நின்ற பின் வரும் யோனித் தொந்தரவுகளுக்கோ சிறுநீர்க் கசிவுக்கோ அங்கீகரிக்கப்படவில்லை என்றும், தீக்காயம், தழும்பு, தீராத வலி ஆகியவை நேர்ந்திருப்பதாகவும் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 85 பெண்களிடம், ஒரு பாதியினருக்கு உண்மையான லேசரும் மறுபாதியினருக்குப் பெயரளவிலான லேசரும் கொடுத்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2021இல் ஜாமா என்னும் மருத்துவ இதழில் வந்தது. இரு தரப்பினரின் தொந்தரவுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பணம் வாங்கும் முன் இதில் ஒரு வரியையாவது அந்த மையத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த மருத்துவர் பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரியால் களிம்பை இரண்டு வாரம் தினமும் இரவிலும், அதன்பின் வாரம் இரண்டு இரவும் உள்ளே வைக்கச் சொன்னார். ஆறாவது வாரத்தில் எரிச்சல் நின்றது. வலி குறைய மூன்று மாதம் ஆயிற்று. கசிவுக்கு ரேடியோ ஃப்ரீக்வென்சி வேண்டாம் என்று சொல்லி, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். நான் இத்தனை நாள் அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு அதையே கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) என்று நினைத்திருந்தேன் என்பதை அவர்தான் கண்டுபிடித்துத் திருத்தினார்.

மார்பகப் புற்றுநோய்க்கு, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடும் என் நாத்தனாருக்கும் இதே எரிச்சல் உண்டு. என் களிம்பை அவர் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்பதால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லி, அவரோடு நானே துணைக்குப் போனேன். ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல்லை எழுதிக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.