கரியில் தெரிந்த ‘பி’: போல்ட்டன் மெழுகுவர்த்தித் தாங்கி, மூன்றாவது வாரம்

என் பழைய வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கியில், எந்த ஆண்டு முத்திரை குத்தினார்கள் என்று காட்டும் ஆங்கில எழுத்து மூன்று வாரமாகப் பிடிகொடுக்கவில்லை. நேற்று ராத்திரி தெரிந்துவிட்டது. ‘பி’தான். அப்படியானால் 1774!

மற்ற முத்திரைகளில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளியின் தரத்துக்கு நடக்கும் சிங்கம், ஊருக்கு பர்மிங்ஹாமின் நங்கூரம், செய்தவர்களுக்கு எம்.பி., ஐ.எஃப். அந்தக் காலத்து முத்திரையில் ‘ஜே’க்கும் ‘ஐ’தான் போடுவார்கள், ஆக மேத்யூ போல்ட்டனும் ஜான் ஃபாதர்கில்லும். வரி கட்டியதைக் காட்டும் அரசர் தலை இல்லை, அது வந்ததே 1784 டிசம்பரில்தான், எனவே தாங்கி அதற்கு முந்தியது. ஆண்டெழுத்துதான் பாலிஷ் போட்டுப் போட்டே தேய்ந்து போயிருந்தது. இடது கோடு மட்டும் தெளிவு. ‘பி’யாக இருக்கலாம், ‘இ’ என்றால் 1777, ‘எச்’ என்றால் 1780.

லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன், டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன், மூச்சை ஊதிப் பார்த்தேன். கடைசியில் கரிப்பிரதி, அதாவது முத்திரையில் கரி பூசி டேப்பில் ஒற்றி எடுப்பது. முத்திரையின் கீழே நேராகச் சுடரைக் காட்டினேன். சில விநாடியிலேயே தார் போன்ற கீலின் வாசனை வந்தது. பதறி அணைத்தேன். இந்தத் தாங்கி வார்ப்பு இல்லை. மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, நடுவில் இரும்புக் கம்பி வைத்து, நம் ஊர் நகைக்குள் அரக்கு அடைப்பது போல உள்ளே கீல் ஊற்றியது. சூடு பட்டால் இளகிவிடும். பழைய மெழுகைக்கூட அதனால்தான் வெந்நீரில் முக்காமல் மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்தேன்.

அப்புறம் ஸ்பூனின் அடியில் கரி பிடித்து, நன்றாக ஆறவிட்டு, விரல் நுனியால் முத்திரையில் ஒற்றினேன். மேலே செல்லோடேப். அதை அழிரப்பர் முனையால் குழிக்குள் அழுத்தவேண்டும். நகத்தால் அழுத்தினால் டேப் நழுவி எழுத்து இழுபடுகிறது. முதல் நான்கு பிரதியும் வெறும் கறுப்புப் பொட்டு. கரியைக் குறைத்தேன். ஏழாவதை வெள்ளைத்தாளில் ஒட்டியபோது வலப்பக்கம் இரண்டு வயிறு, மேலது சின்னது, கீழது பெரியது. ‘பி’யேதான்.

1774 என்பது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதென்றால், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் பர்மிங்ஹாம் சோதனை அலுவலகம் திறந்ததே 1773 ஆகஸ்ட் 31-ல்தான். அதுவரை முத்திரைக்காக வெள்ளியை செஸ்டர் நகருக்கு அனுப்பவேண்டும். ஷெல்பர்ன் பிரபுவுக்கென்று செய்த இரண்டு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கிகள் அந்தப் போக்குவரத்தில் பாழாக, போல்ட்டன் கொதித்துப்போய் அவருக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றம் வரை போய் உள்ளூர் அலுவலகத்தை வாங்கிக்கொடுத்தவரும் போல்ட்டன்தான். நீராவி இயந்திரத்தில் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி என்றே பலரும் அவரை நினைக்கிறார்கள். எனக்கு இந்த வெள்ளிச் சண்டைதான் பிடிக்கும். என் கையில் இருப்பது அவர் வென்ற மறு ஆண்டு எழுத்து.

அடியில் ஒட்ட பச்சைக் கம்பளித்துணி கேட்டிருந்தேன். ஒரு கடை நைலான் கலந்ததை அனுப்பிவிட்டது, திருப்பி அனுப்பவேண்டும். பர்மிங்ஹாம் நகைக்கடைத் தெருப் பக்கம் போனால் அசல் கிடைக்கும். அப்படியே அங்கே ஹேண்ட்ஸ்வொர்த்தில் போல்ட்டன் வாழ்ந்த சோஹோ ஹவுஸையும் பார்த்துவிட்டு வரலாம். தாங்கியின் மேலே கழற்றி மாட்டும் கிண்ணம் இல்லை, அதையும் தேடுகிறேன். தண்டில் உள்ள ஒடுக்கை இன்னும் தொடவில்லை. கீலை இறக்காமல் அதை எடுக்க வழியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கை வைப்பேன்.