சம்பாவுக்குப் பின் உளுந்து: கணக்கு நோட்டிலிருந்து

ஜனவரி 18, 2025

சம்பா அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. மண் மெழுகுப் பதத்தில் இருப்பதால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஆடுதுறை 3 ரக உளுந்தைத் தெளித்துவிட்டோம், ஏக்கருக்கு 12 கிலோ. இயந்திரத்தில் கொஞ்சம் நசுங்கும், அதற்காகக் கூடுதல் விதை. உழவு கிடையாது, பாசனமும் கிடையாது. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதன்பிறகு பனியும் மண்ணில் மிச்சமுள்ள ஈரமும்தான்.

பக்கத்து வயல் சித்தப்பா போர்வெல் தண்ணீரில் கோடை நெல் போடப்போகிறார். "உளுந்துல என்னடா நிக்கும்?" என்றார். இந்த முறை இரண்டையும் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

ஜனவரி 30

பெல்ட் வைத்த அறுவடை வண்டி கிடைத்து அறுத்தாயிற்று. வண்டி திரும்பிய இடங்களில் மட்டும் முளை நசுங்கியிருக்கிறது.

பிப்ரவரி 26

பூ வந்துவிட்டது. டிஏபி உரத்தை இரண்டு சதவீதக் கரைசலாகத் தெளித்தோம். ஒரு வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 3

செடியைப் பிடுங்காமல் அடியில் அறுக்கச் சொன்னேன். கூலி கூடியது, கூடட்டும். பிடுங்கினால் வேரும் முடிச்சும் களத்துக்கு வந்துவிடும். அப்புறம் அடுத்த நெல்லுக்கு உளுந்து எதை விட்டுப்போகும்?

ஏப்ரல் 12

ஏக்கருக்கு மூன்று குவிண்டால். வியாபாரி குவிண்டாலுக்கு 7,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். செலவு 8,000 போனால் 13,000 நிற்கும்.

சித்தப்பா தன் நெல்லில் செலவு போக ஏக்கருக்கு 16,000 எதிர்பார்க்கிறார். நியாயமான கணக்குதான். ஆனால் மின்சாரம் இலவசம் என்பதால் அவர் நோட்டில் தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை. நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் பிடிக்கும். ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 4,000 லிட்டர். மொத்தம் 48 லட்சம் லிட்டர். ஒரு பங்கு மண்ணுக்கே திரும்பும் என்று வைத்துக்கொண்டாலும், 3,000 ரூபாய் கூடுதலுக்காக இவ்வளவு தண்ணீரை மேலே இழுக்கிறோம். ஆயிரம் லிட்டருக்கு 63 பைசாகூட வரவில்லை. தண்ணீர் கட்டிய வயலிலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வேறு. எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை.

கணக்கைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "நெல்லை கொள்முதல் நிலையத்துல எடுத்துக்குவான். உன் உளுந்தை?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். உளுந்துக்கு அரசின் 2024–25 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். அது கிடைத்தால் ஏக்கருக்கு 1,200 ரூபாய் கூடும், எங்களுக்குள் வித்தியாசம் 1,800 ஆகிவிடும். மூட்டையை இன்னும் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போய்க் கேட்க வேண்டும், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு.