அழாமல் பிறந்த எங்கள் மகள்

ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து நாங்கள் பெற்ற மகள், 37ஆவது வாரத்தில் கருவிலேயே உயிர் பிரிந்து பிறந்தாள். முந்தைய நாள் மாலையிலிருந்தே அசைவு குறைந்திருந்தது. ஸ்கேன் அறையில் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இதயத்துடிப்பு நின்ற பிறகும் பெரும்பாலும் பிரசவ வலி முழுவதையும் தாங்கித்தான் குழந்தையைப் பெற்றெடுக்க வேண்டியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தலை நிறைய முடியும் அவள் அப்பாவின் நெற்றியுமாக இருந்தாள். தானாக மடங்காத அவள் விரல்களை என் சுண்டுவிரலைச் சுற்றி நானே மடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் குறைந்து உடல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. குழந்தை இல்லை என்று அதற்கு யார் சொல்வது? நனைந்த ஆடையோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

28 வாரங்களுக்குப் பின் இவ்வாறு இறந்து பிறக்கும் குழந்தைகள் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அத்தனை தாய்மார்களும் எங்கே அழுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

“இன்னொரு குழந்தை பிறக்கும்” என்று தேற்றுபவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால், இவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் மனம் ஏங்குகிறது.