ரிமோட்டில் 24, மீட்டரில் 500

பருவநிலை மாற்றத்துக்கு யோசனை சொல்கிற பலரும், நாளைக் காலையிலிருந்து ஊரே திருந்திவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏசி போடாதே என்பார்கள். சரி, மே மாசம் வேளச்சேரியில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அதே ஏசியில் ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகள் 24 டிகிரி செட்டிங்கோடுதான் வர வேண்டும் என்று விதி. 18 வேண்டுமா, ரிமோட்டை அமுக்கிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மின்சாரச் சிக்கனத்தைப் பார்த்து ஸ்டார் கொடுக்கிற மத்திய அரசு அமைப்பான பிஇஇயின் கணக்கு. நம் சோம்பேறித்தனத்தைத் திட்டாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், பெரிதாக யாரும் சண்டைக்கு வரவில்லை. 2025 ஜூனில் மத்திய அமைச்சர் மனோகர் லால் கட்டார், இனி 20க்குக் கீழே ஏசி போகாது என்ற மாதிரி சொன்னார், அவ்வளவுதான், 20க்குக் கீழே ஒருநாளும் வைக்காதவர்கள்கூடப் பொங்கிவிட்டார்கள்.

நம் ஈபி பில்லும் இதே ரகம். இரண்டு மாசத்தில் 500 யூனிட் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமில்லை, 101லிருந்து 200 வரைக்கும் சேர்த்து ரேட் ஏறும். ரீடிங் எடுக்கிற வாரம் வந்தால் அப்பா மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாற்பதுதான் இருக்கு, பார்த்துக்கோ" என்பார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கீசருக்கு லீவு. கார்பன் பற்றி அவரிடம் பேசினால் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

இந்த வழி இடறுவது வாடகை வீட்டில். ஃபேன் வாங்குவது ஹவுஸ் ஓனர், பில் கட்டுவது குடியிருப்பவர், ஆகவே 75 வாட் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேனை மாட்ட இரண்டு பேருக்கும் மனசு வராது. (சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இஷ்டப்பட்ட ரேட் போடும் ஓனர்களைக் கேட்கவே வேண்டாம், யூனிட் ஏறினால் அவர்களுக்கு லாபம்.)

2015ல் வந்த மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மொத்தமாக வாங்கியதால் 310 ரூபாய் எல்இடி பல்பின் கொள்முதல் விலை 38 வரை இறங்கியது. சில இடங்களில் மாசம் பத்து ரூபாய் என்று கரண்ட் பில்லிலேயே தவணை பிடித்தார்கள். ஃபேனுக்கும் அதையே செய்யலாம், ஆனால் கடன் ஆள் பெயரில் இல்லாமல் மீட்டர் பெயரில் இருக்க வேண்டும். யார் குடியிருக்கிறாரோ அவர் தவணை கட்டுவார், மிச்சமும் அவருக்கு. காலி செய்தால் இரண்டுமே அடுத்தவருக்கு. ஒரு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்தில் 30 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும்.

100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே இருக்கிற வீட்டுக்கு மட்டும் இதில் லாபம் கிடையாது, அங்கே மிச்சமாவது வாரியத்தின் பணம். அவர்களுக்கு ஃபேனை வாரியமே சும்மா கொடுத்துவிடலாம். 2011ல் மிக்ஸி, கிரைண்டரோடு ஃபேனும் இலவசமாகக் கொடுத்த ஊர்தானே இது.