பொம்மிக்கு கருத்தடை ஆபரேஷன்: மயக்கத்துக்கு முந்தின அந்த ஊசி

போன மாசம் எங்க பொம்மிக்கு கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சுது. நாட்டு நாய், 3 வயசு, 14 கிலோ. ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிட்டாங்க, காலையில காலி தட்டை மூக்கால தள்ளிக்கிட்டே என் மூஞ்சிய பாத்துச்சு, பாவம்.

நேரா மயக்கம் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். இல்ல, மொதல்ல தொடையில சைலசின் ஊசி, மயக்கத்துக்கு முன்னாடி நாயை அமைதிப்படுத்துற மருந்து. அஞ்சே நிமிஷத்துல மஞ்சளா நுரை வாந்தி, அப்புறம் காலு தள்ளாடி என் மடியிலயே சாஞ்சுடுச்சு. சும்மா இல்லாம நெஞ்சுல கை வெச்சு எண்ணுனேன், 15 செகண்டுக்கு 13 துடிப்பு, அதாவது நிமிஷத்துக்கு 52, வரும்போது டாக்டர் பாத்தப்போ 110 இருந்துச்சு. உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு வெளுத்துக் கெடக்கு. எனக்கு வேர்த்துடுச்சு.

டாக்டரம்மா அசரவே இல்ல. இந்த மருந்து ரத்தக்குழாயெல்லாம் சுருக்கும், பிரஷர் ஏறும், அதுக்கு ஹார்ட் தானாவே மெதுவாகும், வெளுப்பும் அதனாலதான்னாங்க. அப்போ துடிப்பைக் கூட்ட அட்ரோபின் போடலாமேன்னு கேட்டேன் (கூகுள் புண்ணியம்). பிரஷர் ஏறி நிக்கும்போது ஹார்ட்டை ஓட விட்டா அதுக்குத்தான் இன்னும் பாரம், பிரஷரும் சேந்து எறங்குனா போடுவேன்னு நெறச்சு வெச்ச சிரிஞ்சைக் காட்டுனாங்க.

அவங்க கண்ணு பூரா மூச்சு மேலதான். நிமிஷத்துக்கு 10, ஆழமா. ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு பாக்க நாக்குல மாட்டுன கிளிப் 91 காட்டுச்சு, நாக்கை ஈரப்படுத்தி எடம் மாத்தி மாட்டுனதும் 96. அங்க ரத்த ஓட்டம் கம்மியானா மெஷினே தப்பா காட்டுமாம், ஆனாலும் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுக்கல. அப்புறம் முழு மயக்கத்துக்கு நரம்புல போடுற புரோபஃபால், வழக்கமான அளவுல பாதிகூட ஆகல, சொட்டு சொட்டா ஏத்துனாங்க, வேகமா ஏத்துனா மூச்சு நின்னுடும்னு. அதோட மூச்சுக்குழாயில டியூப் போட்டு உள்ள கொண்டு போயிட்டாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு எடத்துல எங்க பழைய பக் நாய்க்கு இதே மாதிரி ஊசி போட்டு மூலையில படுக்க வெச்சுட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. சப்பை மூக்கு நாய்க்கு தொண்டை தளர்ந்தா மூச்சுக்குழாயே அடைச்சுக்கும், அன்னிக்கு குறட்டை விட்டு தூங்குதுன்னு நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஏதோ பொழச்சுது.

பொம்மி சாயங்காலமே நடந்து வந்துடுச்சு. ராத்திரி 2 மணி வரைக்கும் பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணுனேன், 18, 20, 18. கடைசியில அதுவே ஒரு கண்ணைத் தொறந்து பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.