ஒரு வார்த்தைதானேன்னு வெட்டினது

அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் செத்த ராத்திரி எங்க பத்திரிகை டெஸ்க்ல நான்தான். 2013 ஏப்ரல். சிகாகோல மத்தியானம்னா நமக்கு நடுராத்திரி தாண்டிடும், நியூஸ் ஏஜென்சி செய்தி வந்து விழும்போது சிட்டி எடிஷன்ல பாதி பேஜ் போயாச்சு, எப்படியோ ரெண்டு பத்தி அகலத்துக்கு இடம் பிடுங்கி, புதுசா சேர்ந்த சப் எடிட்டர் பொண்ணுகிட்ட மொழிபெயர்க்கக் குடுத்தேன்.

செக் பண்ணாம விட்டேன்னு யாரும் சொல்லிட முடியாது. வயசு 71னு போட்டிருந்தாங்க, பிறந்தது 1942 ஜூன் 18, ஜூன் இன்னும் வரலையேம்மான்னு 70 ஆக்கினேன். இறந்த தேதி 5னு இருந்துச்சு, நமக்குத்தான் 5, சிகாகோல இன்னும் 4தான்னு மாத்தினேன். சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகைல அவர் சினிமா விமர்சகரானது 1967 ஏப்ரல் 3, ஆக 46 வருஷமும் ஒரு நாளும், அதையும் விரல் விட்டு எண்ணினேன்.

ஹெட்டிங் மட்டும் உக்காரல. ‘புலிட்சர் பெற்ற முதல் திரைப்பட விமர்சகர் மறைவு’. புலிட்சர்னா அமெரிக்காவோட பெரிய பத்திரிகை விருது. ரெண்டு பத்தி அகலத்துல வழியுது. ‘திரைப்பட’வை எடுத்தேன், பொருந்திடுச்சு.

“சார், அதை எடுத்தா அர்த்தம் மாறிடாதா?”

“சினிமா விமர்சகர்னு கீழ இருக்குல்ல, வேற எதை விமர்சனம் பண்ணப்போறாரு. அச்சு பிளேட் போட நிக்கிறாங்கம்மா.”

“சரி சார்.”

இந்த ‘சரி சார்’தான் இன்னும் காதுல கேக்குது. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல, ஹெட்டிங்கும் மேட்டரும் ஒத்துப்போகணும்னு உள்ளயும் போய் அந்த வார்த்தைய நானே தூக்கினேன்.

ரொம்ப நாள் கழிச்சு வேற எதுக்கோ தேடும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. விமர்சனத்துக்கான புலிட்சர் 1970லயே ஆரம்பிச்சாச்சு, முதல்ல வாங்கினவங்க நியூயார்க் டைம்ஸ்ல கட்டடக்கலை பத்தி எழுதின ஏடா லூயிஸ் ஹக்ஸ்டபிள், ஈபர்ட் வாங்கினது 1975ல. சினிமா விமர்சகர்கள்ல முதல் ஆள் அவர்தான், அவ்வளவுதான். அந்தப் பொண்ணு கேட்டது சரி.

ஒரு வாசகர்கூட லெட்டர் போடல. திருத்தம் போடலாமான்னு நினைச்சேன், இவ்வளவு நாளுக்கு அப்புறம் ஒரு வெளிநாட்டுக்காரர் இரங்கல் செய்திக்கு எவன் இடம் குடுப்பான்னு விட்டுட்டேன். அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பாங்கன்னு இப்பவும் சொல்லுவேன். ஆனா வயசையும் தேதியையும் அவ்வளவு நோண்டினவன் இதை ஏன் நோண்டலன்னு யோசிச்சா கொஞ்சம் அசிங்கமா இருக்கு, நம்பர் தப்பானா காலைல எவனாவது போன் பண்ணுவான், ஒரு வார்த்தை காணாமப் போனதுக்கு யார் பண்ணப்போறா. அப்ப நான் சரிபார்த்தது அந்த மனுஷனோட விவரத்தையா இல்ல என் தலையையா?

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என் பேஜ்ல எதையும் கேக்கல, குடுத்ததை முடிச்சுட்டுப் போயிடுவாங்க. அதுக்கும் இதுதான் காரணமான்னு தெரியாது, வேலை பழகிடுச்சுன்னும் இருக்கலாம். ஹக்ஸ்டபிள் விஷயம் தெரிஞ்சப்ப ரெண்டு டேபிள் தள்ளித்தான் உக்காந்திருந்தாங்க, எழுந்து போய்ச் சொல்லல, டீ குடிக்கக் கீழ இறங்கிட்டேன்.

போன மாசம் பழைய ஃபைலைப் பிரிச்சு அந்தப் பேஜைப் பார்த்தேன். ஹெட்டிங்கோட வலது பக்கம் நல்லாவே இடம் கிடக்கு. ‘சினிமா’ன்னு போட்டிருந்தா உக்காந்திருக்கும்.