மூன்று தரம் காலிமுகத் திடல், மிச்சம் 195 மீட்டர்

கால் இரண்டும் இன்னும் மரக்கட்டையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்த பஸ்ஸைத் திட்டாமல் ஓட்டத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆளுக்கு 2,800 ரூபா. நான், அம்மா, தங்கச்சி என்று மூன்று பேருக்கு 8,400. "ஏசி இருக்கிறது, சீட் சாயும், நேரே வெள்ளவத்தை" என்று சொல்லித்தான் டிக்கெட் தந்தார்கள். ஏசி இருந்தது உண்மை. என் உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. என் சீட் சாயவே இல்லை. முன்னால் இருந்தவருடைய சீட் மட்டும் என் முழங்கால்வரை சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை 42 கிலோமீட்டர் ஓட வேண்டிய முழங்கால் அது. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் நிறுத்தி, "இதற்கு மேலே போகாது, இறங்குங்கள்" என்றார் நடத்துநர். அம்மா அவருடன் வாதாடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பைகள் தெருவில் இருந்தன.

அடுத்தது முச்சக்கர வண்டி. வெள்ளவத்தைக்கு 2,000 ரூபா கேட்டார். மீட்டர் பழுதாம். அது ஓடிக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "அது ஓடும், ஆனால் பழுது" என்றார். தங்கச்சியின் தொலைபேசியில் பற்றரி செத்துப்போயிருந்ததால் செயலியில் வண்டி கூப்பிடவும் வழியில்லை. 1,500க்கு இறங்கி வந்தார். அம்மா வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் கணக்குப் பார்க்கிறார் என்று பொருள்.

இவ்வளவு செலவழித்து வந்தது எந்த மாரத்தனுக்கு என்று கேட்பீர்கள். எந்த மாரத்தனுக்கும் இல்லை. நான் ஓட நினைத்திருந்த போட்டிக்குப் பதிவு முடிந்தபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஒன்பது மாதப் பயிற்சி, அரைமாதச் சம்பளத்தில் வாங்கிய சப்பாத்து எல்லாம் வீணா என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன். அப்போது வெள்ளவத்தைச் சித்திதான் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, ஓடுவதற்கு இன்னொருவன் ஏன் உனக்கு இலக்கம் தர வேண்டும்? இங்கே வா, மரைன் டிரைவில் ஓடு, நாங்கள் தண்ணீர் தருகிறோம்."

மாரத்தன் என்றால் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சித்தியின் ஒழுங்கை மரைன் டிரைவில் ஏறும் முனையிலிருந்து காலிமுகத் திடலின் வடக்கு அந்தம் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 14. மூன்று தரம் போய்வந்தால் 42. மிச்சம் 195 மீட்டரை ஒழுங்கைக்குள் ஓடினால் சித்தியின் மாடிக் கட்டடத்து வாசல். ஆட்களைப் பிரித்தோம். ஒழுங்கை முனையில் அம்மாவும் சித்தியும். காலிமுகத் திடலில் தங்கச்சி. தெஹிவளையில் இருக்கும் பள்ளிக்கூடத்து நண்பன் சைக்கிளில் என்னோடு கூடவே வருவான். என்னைவிட இருபது கிலோ கூடிய உடம்பு அவனுக்கு. சைக்கிள் அவனுடைய மகனுடையது.

சனிக்கிழமை முழுவதும் சாப்பாடு. முதல்நாள் மாச்சத்து நிறையச் சேர்க்க வேண்டும் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பின்னேரம் புட்டு, இரவு இடியப்பமும் சொதியும். மூன்றாவது தட்டில் கெஞ்சினேன். "நீதானே கேட்டாய்" என்றார் சித்தி.

ஞாயிறு அதிகாலை 3.45க்குக் கிளம்பினேன். மரைன் டிரைவில் விளக்குகளும் நாய்களும் மட்டும். வடக்கே ஓடும்போது இடப்பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். இருட்டில் கடல் தெரியாது; இரைச்சல் மட்டும் கூடவே வரும். நாய்களை நண்பன் பார்த்துக்கொண்டான். அதாவது அவை அவனைத் துரத்தின, நான் தப்பினேன். கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கு ஏறி, திடலைப் போய்த் தொட்டு, தங்கச்சி நீட்டிய போத்தலைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் முதல் சுற்று முடிந்தது. அம்மா துவாயால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "காணும் தம்பி, வா வீட்டுக்கு" என்றார். இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். சித்தியின் பக்கம் திரும்பி, "இவன் சின்னனிலேயே இப்படித்தான்" என்றார்.

மரைன் டிரைவ் மேடுபள்ளமில்லாத வீதி, சுலபமாக ஓடலாம் என்று சொல்கிறவர்களை ஒருதரம் ஏழு மணி வெயிலில் அங்கே ஓடவிட வேண்டும். ஏற்றம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நிழலும் இல்லை. கடற்காற்று வீசுகிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது. காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. இரண்டாம் சுற்றில் என் சப்பாத்துக்குள் "சளக், சளக்" என்று சத்தம் கேட்டது. மழை பெய்யவில்லை. எல்லாம் என் வியர்வைதான்.

இப்படி வியர்க்கிறவன் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழவும் கூடும். அதனால் மருந்துக்கடையில் ஜீவனி வாங்கிவைத்திருந்தேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே, அதே பக்கெட்தான். ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். வெளிநாட்டு ஓட்டப் பானங்களைவிட விலை எவ்வளவோ குறைவு. சுவை எப்படி என்று கேட்காதீர்கள். தங்கச்சி அளவு பார்க்காமல் ஒரு சின்னப் போத்தலில் இரண்டு பக்கெட்டைக் கொட்டிவிட்டாள். ஒரு மிடறு குடித்தேன். கடலையே குடித்ததுபோல இருந்தது. உப்பு கூடினால் அதுவும் ஆபத்து என்று, காலிமுகத் திடலில் நின்று நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம். கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் உலாவட்டும் என்று ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்துவைத்த நடைபாதை அது. அன்றைக்கு உலாவ வந்திருந்த பெண்களும் பிள்ளைகளும் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

28ஆவது கிலோமீட்டரில், இரண்டாம் சுற்று முடிந்து ஒழுங்கை முனைக்கு வந்தபோது மணி 7.05. உடம்பு சேமித்துவைத்திருக்கும் மாச்சத்து முப்பதை அண்டும்போது தீர்ந்துபோகும், சுவரில் மோதினதுபோல இருக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்குச் சுவர் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிட்டது. சித்தியின் மூன்று தட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. தொடை இரண்டும் தனித்தனியாக நடுங்கின. சித்தி வலிக்குப் பூசும் சித்தாலேப போத்தலைத் திறந்து பூசத் தொடங்கினார். அந்த மணத்தில் நடைக்கு வந்திருந்த ஒரு கிழவர் நின்று, தன் முழங்காலுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு போனார்.

நான் அம்மாவிடம், "காணும் அம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அம்மா பையைத் திறந்து ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்தார். ஓலைக் குட்டானின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, கட்டியை முந்தானையில் வைத்துக் கல்லால் ஒரு தட்டுத் தட்டி, உடைந்ததில் பெரிய துண்டை என் வாயில் வைத்தார். கறுப்பாக, ஓரத்தில் ஓலைத் தும்பு ஒட்டியபடி இருந்தது. அது கரையும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "பஸ்ஸுக்குப் போக 8,400, வர 8,400. அந்த வண்டிக்காரனுக்கு 1,500. இருபத்தெட்டுக்கா இவ்வளவும் கொடுத்தோம்? ஓடு."

ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பம்பலப்பிட்டிவரை ஓட்டம், பிறகு இரண்டு மின்கம்பத்துக்கு ஓட்டம், ஒரு மின்கம்பத்துக்கு நடை. ரயில் ஒன்று எதிரே வந்தது. கதவில் தொங்கிய பையன்கள் கூவிக் கையசைத்தார்கள். நண்பன் எனக்குப் பதிலாகக் கையசைத்தான். திரும்பி வரும்போது அவனுக்கும் முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். நான் ஓடுகிறேன், அவன் நடக்கிறான், இருவரும் சமமாகவே போகிறோம். அதை அவன் சுட்டிக்காட்டாமலாவது இருந்திருக்கலாம்.

தங்கச்சி திடலிலிருந்து வண்டி பிடித்து எனக்கு முன்னாலேயே ஒழுங்கை முனைக்கு வந்திருந்தாள். நான் நின்றதும் தொலைபேசியை நீட்டி, "42தான் அண்ணா. இன்னும் 195 மீட்டர்" என்றாள். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் மாளிகையில் தொடங்கி அரச குடும்பத்தின் ஆசனத்துக்கு முன்னால் முடிப்பதற்காக அளந்த தூரம். 1921இல் அதையே உலகத்துக்கெல்லாம் நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதை அம்மாவுக்கு முதல்நாளே விளக்கியிருந்தேன். ஒழுங்கைக்குள் எனக்குப் பின்னால் வேகநடையில் வந்துகொண்டே அம்மா அந்த அரச குடும்பத்தைத் தமிழில் ஏசினார். எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தன. மீன்காரர் தன் சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார். 9.06க்கு வாசல். மொத்தம் ஐந்து மணி இருபத்தொரு நிமிடம்.

மின்தூக்கியின் கதவில் "பழுது" என்று எழுதி ஒட்டியிருந்தது. சித்தியின் வீடு மூன்றாம் மாடி. முதல் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உழுந்து வடையும் தேநீரும் அங்கேயே வந்தன. பிற்பகல்வரை வருகிறவர் போகிறவரெல்லாம் என்னைத் தாண்டித்தான் ஏறினார்கள்.

இரவு பஸ்ஸுக்கு மூன்று மாடியையும் பின்பக்கமாக இறங்கினேன்; நேராக இறங்கத் தொடை விடவில்லை. ஒரு கை கைப்பிடியில், மற்றது நண்பனின் தோளில். கீழே தங்கச்சி செயலியில் கூப்பிட்ட முச்சக்கர வண்டி வந்து நின்றது. அம்மா ஏறுமுன் குனிந்து முதலில் மீட்டரைத்தான் பார்த்தார்.